செல்வாவுக்கு, அப்பாயி பாட்டு பற்றி

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பு மச்சான் செல்வா,

மூன்று மாதமாய் உனக்குப் பதில் போடவில்லை, கோவித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் மழைக்கு மழை கூடுகிறது. நீ வவுனியா வெயிலில் இருந்துகொண்டு "அங்க குளிர் எப்படி?" என்று கேட்கிறாய். வந்து ஒரு ராத்திரி எங்கள் காம்பராவில் படுத்துப் பார், தெரியும்.

விஷயம் மகளைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் "எங்கள் பகுதியின் பெரியவர்கள்" என்று எழுதிவரச் சொன்னார்களாம். கொப்பியைப் பார்த்தேன். ஒரே பெயர், ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். சரிதான். ஆனால் அதோடு கோடு கிழித்து முடித்துவிட்டு, "வேற ஆளே இல்லையாப்பா?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான்.

டெய்லர் இருந்த அதே ஹேவாஹெட்டப் பக்கம்தானே முல்லோயாத் தோட்டமும்? 16 சதம் சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். 1940 ஜனவரி 10 அன்று பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். "பதினாறு சதத்துக்கா?" என்றாள் பிள்ளை. எடுத்துக் காட்ட வீட்டில் ஒரு சதக் காசுகூட இல்லை.

அப்புறம் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரைச் சொன்னேன். தஞ்சாவூரிலிருந்து வந்தவர், தோட்டத்துக்குள் வெளியாளை விடமாட்டார்கள் என்று புடவை வியாபாரியாய்த் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் போன கதை, 'தேசபக்தன்' பத்திரிகை, 1931இல் நம்ம ஹட்டனில் வைத்த தொழிலாளர் சம்மேளனம், எல்லாம்.

பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தது மீனாட்சியம்மாளுக்குத்தான். "நடேசய்யரின் மனைவி" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது எனக்கு ஆறவே ஆறாது. அந்த அம்மா பத்திரிகை வேலையும் பார்த்தார், மேடையும் ஏறினார். தானே கட்டிய பாட்டுகளைப் பாரதி பாட்டு மெட்டில் கூட்டத்தில் நின்று பாடினார். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பொம்பளைகள் முன்னால் ஒரு பொம்பளை மேடையேறிப் பாடுவதென்றால் சும்மாவா? யோசித்துப் பார்: எழுத்துத் தெரியாத சனத்துக்குப் பத்திரிகை எந்த மூலைக்கு? பாட்டென்றால் ஒருதரம் கேட்டால் போதும். மறுநாள் கொழுந்து எடுக்கும்போது வாயில் வரும். கங்காணி பிடுங்கிக்கொள்ளக் கையில் காகிதமும் இருக்காது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சுருக்கென்றது. உங்கள் அப்பாயி பணிய லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடிப்பாரே, அந்த இடிக்கு ஒரு பாட்டு முணுமுணுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் நானும் பின்னாலிருந்து அதே மாதிரி பாடி ஏச்சு வாங்கினோம். "சங்கத்துப் பாட்டுடா, எடுபட்ட பயலுகளா!" என்பார். எந்தச் சங்கம், யார் கட்டிய பாட்டு என்று ஒருநாளாவது கேட்டோமா? இரண்டு ராத்திரியாய்ப் படுத்துக்கொண்டு தேடுகிறேன். மெட்டு வருகிறது, சொல் வரவில்லை. அது மீனாட்சியம்மாள் பாட்டுத்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வராது. சொல் கிடைத்தால் ஒத்துப் பார்க்கலாம்.

நீதான் அவர் மடியில் கிடந்தவன். ஒரு அடியாவது ஞாபகம் இருந்தால் எழுது. பச்சைத் தகரப்பெட்டி அக்காவிடம்தானே இருக்கிறது? சேலைக்கு அடியில் தாத்தா மடித்து வைத்த காகிதங்கள் இருந்தன, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா வீட்டுக்குக் கூரைத் தகரம் மாற்றப் போகிறார்கள் என்று மேட்டு லயத்து மாமா சொன்னார். சாமான் சட்டெல்லாம் வெளியே தூக்கிப் போடுவார்கள். இன்றைக்கே போன் பண்ணு.

வெள்ளிக்கிழமை கொப்பி கொடுக்க வேண்டும். மீனாட்சியம்மாள் பெயரை எழுதி, கீழே பாதிப் பக்கம் விட்டு வைத்திருக்கிறாள்.

உன்,
மூர்த்தி