கணக்கை வாடகைக்கு விட்ட பிள்ளைகள் திரும்பி வர ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கிக் கணக்குகளை மோசடிக் கும்பலுக்கு வாடகைக்கு விட்டதாகக் கல்லூரி மாணவர்கள் மூவர் கைதான செய்தியைச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் படித்தேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் அதையே படித்துவிட்டு, "சோம்பேறிப் பசங்க, நல்லா வேணும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. என் அக்கா மகனும் அப்படி மாட்டிய ஒரு பையன்தான். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுன்ட்டரில். கள்ள நோட்டைக் கையில் தொட்டதும் சொல்லிவிடுவேன். ஆனால் என் வீட்டுக்குள் நடந்ததைக் கண்டுபிடிக்கவில்லை.

சென்ற ஆண்டு மே மாதம் அவனுக்கு இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்திருந்தது. வயது 19. காலை பதினொரு மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, கைப்பேசியோடு மறுபடி படுத்துவிடுவான். "ரெண்டு மாசம் எங்கேயாவது வேலைக்குப் போயேன்டா" என்று அக்காவும் நானும் மாற்றி மாற்றிச் சொன்னோம். கிரிக்கெட் ஆடப் போன இடத்தில் பழக்கமான ஓர் அண்ணன் ஒரு வேலை சொன்னான். வெயிலில் அலைய வேண்டாம், மேலதிகாரி கிடையாது. வேலைக்குப் பெயர் 'பேமென்ட் ஏஜென்ட்'. டெலிகிராமில் ஒரு குழுவில் சேர்த்தார்கள். எங்களுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டான் என்று சந்தோஷப்பட்டோம்.

அவர்கள் கேட்டது ஒரு 'கிட்'. புதிதாக ஒரு நடப்புக் கணக்கு, அதன் காசோலைப் புத்தகம், ஏடிஎம் கார்டு, நெட் பேங்கிங் கடவுச்சொல், கணக்கோடு இணைத்த சிம் கார்டு. எல்லாம் அவன் பெயரில், எல்லாம் அவர்கள் கையில். கொடுத்ததற்கு 8,000 ரூபாய். நடப்புக் கணக்கு என்றால் ஒரு தொழில் இருக்க வேண்டுமே? ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற உத்யம் என்ற சிறுதொழில் பதிவை அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். ஆயத்த ஆடை வியாபாரம் என்று போட்டு ஒரு ஃபிளெக்ஸ் அடித்து, எங்கள் வீட்டுக் காம்பவுண்ட் சுவரில் மாட்டிப் படம் பிடித்துவிட்டுக் கழற்றிவிட்டார்கள். பத்து நிமிட வேலை. பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த அந்த ஃபிளெக்ஸை நான் பார்த்தேன். "ஃபிரெண்டோடது சித்தி" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். அன்று அதை விரித்துப் பார்த்திருந்தால் அதில் அவன் பெயர் இருந்திருக்கும். இன்றுவரை என்னை உறுத்துவது இதுதான்.

பிறகு வழக்குக்காக அந்தக் கணக்கின் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் படித்தேன். முதல் வரி 1 ரூபாய் வரவு. கணக்கு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகப் போடுவது. இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் பகல் 12.07க்கு 6,40,000 ரூபாய் வரவு. 12.18க்குள் ஒன்பது பற்றுகள், ஒன்பது வெவ்வேறு கணக்குகளுக்கு. மீதி 212 ரூபாய். பணம் போட்டது வேறு மாநிலத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 68. போலீஸ் உடையில் வீடியோ அழைப்பில் வந்தவர்கள் 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி, அவருடைய வைப்புத்தொகையை உடைக்க வைத்திருக்கிறார்கள். நான் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் அப்படி ஓர் அம்மா வந்து பாதியில் எஃப்டியை முறிக்கக் கேட்டால், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பேன். அந்த அம்மாவை யாரும் கேட்டார்களா என்று தெரியவில்லை. அவருடைய பணம் என் அக்கா மகனின் பெயரில் பதினொரு நிமிடம் இருந்து போயிருக்கிறது. அவன் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் அப்பாவி என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாவது வாரம் நான்கு பேருடைய கார்டுகளைக் கொடுத்து, தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு நான்கு ஏடிஎம்களில் பணம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். தொப்பி எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை என்று என்னிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். அதற்கு முன்பே, தலைக்கு 1,000 ரூபாய் கமிஷனுக்கு நண்பர்கள் இருவரைச் சேர்த்துவிட்டிருந்தான். அந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் முகத்தில் நான் எப்படி விழிப்பது?

ஐந்தாவது வாரம் அவனுக்குப் பயம் பிடித்து, போதும் அண்ணே, விலகிக்கொள்கிறேன் என்றிருக்கிறான். அதுவரை தம்பி தம்பி என்றவன் அன்றைக்கு வேறு குரலில் பேசினான். "உன் ஆதார் எங்ககிட்ட இருக்கு. உங்க அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்கன்னு தெரியும். போலீஸுக்குப் போனா உள்ள போறது நீதான், ஏன்னா எல்லாத்துலயும் உன் பேர்தான் இருக்கு." இந்தக் கடைசி வாக்கியம் பொய்யும் இல்லை. அவனைக் கட்டிப்போட அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

நான் எழுத வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான். அன்று இரவு 1930 என்ற எண்ணை அழுத்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தானாம். அது பணத்தைப் பறிகொடுத்தவர்கள் உடனே அழைக்க வேண்டிய எண். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க முடியும், மிக அவசியமான சேவை. ஆனால் நான் எதைப் பறிகொடுத்தேன் என்று சொல்வது என்று யோசித்துக் கைப்பேசியை அணைத்துவிட்டான். மறுநாள் கணக்கு வைத்திருந்த கிளைக்குப் போய், கணக்கை மூட வேண்டும் என்றிருக்கிறான். காசோலைப் புத்தகத்தையும் கார்டையும் எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். 19 வயதுப் பையன் கை நடுங்க நின்று கணக்கை மூடச் சொல்கிறான், ஏனப்பா என்று ஒருவர் கேட்கவில்லை. அந்தக் கிளையின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. நானும் அப்படி எத்தனையோ பேரை மதியத்துக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.

பத்து நாள் கழித்துக் கணக்கு முடங்கியது. அப்புறம் அந்த ஆசிரியையின் மாநிலத்துச் சைபர் காவல் நிலையத்திலிருந்து, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ் நேரில் வரச் சொல்லி நோட்டீஸ். முதல் தகவல் அறிக்கையில் பாரதிய நியாய சன்ஹிதா 318(4), அதாவது ஏமாற்றிப் பணம் பறித்த குற்றம், ஏழாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தில் 111 என்று ஒரு பிரிவு இருக்கிறது. திட்டமிட்ட கும்பல் குற்றங்களுக்கானது. ஆள் கடத்தல், கூலிக்குக் கொலை ஆகியவற்றோடு சைபர் குற்றமும் அதில் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அத்தகைய கும்பலுக்குத் தெரிந்தே துணை போனாலும் குறைந்தது 5 ஆண்டு சிறை, ஆயுள்வரை போகலாம், அபராதம் குறைந்தது 5 லட்சம். வக்கீல் இதை விளக்கியபோது அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கயிறு எங்கே போய் முடிகிறது என்று நமக்கு இப்போது ஓரளவு தெரியும். 2025 மார்ச்சில் மியான்மர் எல்லையில் இருந்த மோசடி மையங்களிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். நல்ல வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், ஆட்களை ஏமாற்றும் வேலையில் உட்கார வைக்கப்பட்டவர்கள். அந்த ஆசிரியையைக் கூப்பிட்டவனும் ஒருவேளை அப்படி மாட்டிய ஒரு பிள்ளையாக இருக்கலாம். வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் 'மியூல்ஹன்டர்' என்ற கருவியை அறிவித்தது. 2025 ஜூனில் சிபிஐ நடத்திய சோதனையின்போது, 700க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் சுமார் 8.5 லட்சம் வாடகைக் கணக்குகள் திறக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதில் எத்தனை கணக்குகள் இரண்டு மாத விடுமுறையில் திறக்கப்பட்டவையோ.

பிடிப்பதற்குக் கருவி வந்துவிட்டது, நல்லது. தானாக வருகிறவனுக்கும் ஓர் இடம் வேண்டும். கணக்கைக் கொடுத்துவிட்டேன், தவறு என்று தெரிந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று ஒரு பையன் தன் வங்கிக் கிளையிலோ மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுத்தால், அந்த நிமிடமே கணக்கை நிறுத்தி, தேதியும் நேரமும் போட்டு ஒரு ரசீது தர வேண்டும். தண்டனையே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஆனால் தானாக வந்தான் என்பதற்கு நீதிமன்றத்தில் காட்ட அவனிடம் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அது கிடைக்கும் என்று தெரிந்தால், உன் பேர்தான் இருக்கு என்ற மிரட்டலுக்குப் பாதி பலம் போய்விடும். அன்றைக்கே அவனுடைய கணக்கு நின்றிருந்தால், பிறகு வந்த அந்தப் பத்து நாட்களில் இன்னும் மூன்று பேருடைய பணம் அதன் வழியாகப் போயிருக்காது. ஸ்டேட்மென்ட்டில் அந்த மூன்று வரவுகளும் இருக்கின்றன, மொத்தம் 2,85,000 ரூபாய்.

இன்னொன்று என் பழைய சகாக்களுக்கு. 18, 20 வயதுப் பிள்ளை நடப்புக் கணக்கு திறக்க வந்தால், ஃபாரத்தை வாங்கிக்கொண்டு விடாமல் உட்கார வைத்துப் பேசுங்கள். என்ன வியாபாரம், சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலே பாதிப் பேருக்கு முகம் மாறிவிடும். கூடவே வாசலில் யாராவது ஓர் அண்ணன் வண்டியில் காத்திருக்கிறானா என்றும் எட்டிப் பாருங்கள்.

என் அக்கா மகன் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறான். வாய்தாவுக்கு வாய்தா இரண்டு நாள் ரயிலில் போய் வருகிறான், ஒவ்வொரு முறையும் நான் கூடப் போகிறேன். நண்பர்கள் இருவரையும் சேர்த்துவிட்டது தான்தான் என்று அவனே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வங்கிக் காசாளர்
(வழக்கு நடப்பதால் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)