பேய்க்கதைப் புத்தகம் பற்றிப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் ஞாயிறு தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இந்த ஆண்டு ஒரு கதைத் தொகுப்பு எழுதுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் இருப்பவை எல்லாம் சிரிப்புப் பேய்க்கதைகள் என்பது பலருக்குப் போன வாரம்தான் தெரியவந்தது போலிருக்கிறது. "கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு பேயைப் பற்றியா எழுதுவது?" என்று சிலர் கேட்டீர்கள். முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்துக் கும்பிடுகிற குடும்பங்கள் நம்முடையவை. விக்ரமாதித்தன் முதுகில் தொங்கிக்கொண்டே கதை சொல்லி, கேள்வியும் கேட்டுவிட்டு மரமேறிவிடும் வேதாளத்தை நம்மில் யாரும் விரட்டியதில்லை. ஆகவே எழுதட்டும்.

1860இல் ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து இறங்கியவர்களோடு முனியும் கொள்ளிவாய்ப் பிசாசும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இங்கே ஏற்கெனவே இந்த மண்ணின் ஜூலு மக்களுடைய டொக்கொலோஷி இருந்தது. கூழாங்கல்லை வாயில் போட்டால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் குள்ளப் பிசாசு. அதற்குப் பயந்துதான் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைப்பது. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கதையில், ஆடி மாதக் கூழ் காய்ச்ச அடுப்புக்கு மூன்று கல் தேவைப்பட, பாட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து உருவிவிடுகிறார். கட்டில் இறங்கிவிட்டது, டொக்கொலோஷிக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் ராத்திரி வந்து நின்றதைப் பாட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா நிற்காதே, அடிபிடிக்கிறது, கிண்டு" என்று கரண்டியை நீட்டுகிறார். வாயில் கல் இருப்பதால் அதற்குப் பதில் பேச முடியவில்லை. விடியும்வரை கிண்டுகிறது. இன்னொரு கதையில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கரும்புக் காட்டில் முனியும் டொக்கொலோஷியும் எதிர்ப்படுகிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாமல், கடைசியில் இருவரும் தோட்டங்களில் பேசிய கலப்பு மொழியான ஃபனகாலோவில் சண்டை போடுகிறார்கள்! தோட்டத்தில் வேலை செய்த தாத்தா வீட்டில் இருந்தால்தான் ஒரு பிள்ளைக்கு இது தோன்றும்.

கதைகள் கொடூரமாக இருக்குமோ என்ற கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1868இல் ஹென்றி காலவே என்ற பாதிரியார், நம் டர்பன் இருக்கும் இதே நேட்டாலில் ஜூலு கதைகளைத் திரட்டி அச்சிட்டார். அதில் ஹ்லகன்யானா என்ற குட்டிப் பயல், நரமாமிசம் தின்பவனின் அம்மாவிடம் "ஒருவரையொருவர் வேகவைத்து விளையாடலாம் வாங்க" என்று சொல்லி அந்த அம்மாவையே பானைக்குள் இறக்கிவிடுகிறான். அதோடு ஒப்பிட்டால் நம் பிள்ளைகள் பசுக்கள். ஆனாலும் ஒன்றை நான் எடுத்துவிட்டேன்: ஹிக்கின்சன் ஹைவேயில் லிஃப்ட் கேட்கும் ஷீலா என்ற பேயின் கதை. அதை எழுதிய பையனுக்கு வருத்தம்தான். ஆனால் அதில் சிரிப்பு எங்குமே இல்லை, ராத்திரி அந்த வழியாகத்தானே பாதிப் பேர் வீடு போகிறீர்கள்?

கதைகளை வாசித்துக் காட்டும் நிகழ்ச்சியை வழக்கமான ஞாயிறு காலையில் வைக்கவில்லை. பகலில் கதை சொன்னால் தலையில் கொம்பு முளைக்கும் என்பது ஜூலு வழக்கம். பிள்ளைகள் இதில் மிகவும் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஆகவே ஆடி முதல் சனிக்கிழமை மாலை, இருட்டிய பிறகு. லோட் ஷெடிங் வந்து மின்சாரம் போனால் இன்னும் நல்லது. ஜூலு பாட்டியம்மா ஒருவரும் கதை சொல்ல வருகிறார். அவர் "க்வெசுகெசுகேலா" (முன்னொரு காலத்தில்) என்று தொடங்கியதும் கேட்பவர்கள் நாக்கைப் பல்லில் தட்டி ஒரே சொல்லில் பதில் தர வேண்டும். ழகரத்துக்குத் திணறும் நம் பிள்ளைகள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள், என்ன செய்வது!

உங்களிடம் வேண்டுவது இதுதான். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஆளுக்கொரு பேய்க்கதை அனுப்புங்கள். போனில் குரல் பதிவு போதும். தமிழும் ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து சொன்னாலும் அப்படியே விடுங்கள், திருத்தாதீர்கள். கெட்ட வார்த்தை இருந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். தமிழ் வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்காக இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் பிரதியும் பிள்ளைகளின் பையில் இருக்கிறது.

சனிக்கிழமை வரும்போது ஆளுக்கொரு டார்ச்சும் உட்காரப் பாயும் கொண்டுவாருங்கள். கூழ் பள்ளியில் காய்ச்சுகிறோம். கிண்டுவதற்கு ஆள் தேவை.

அன்புடன்,
தலைமையாசிரியர்