தஞ்சாவூருக்குப் போகும் முன் மெர்போக்குக்கு வா, தம்பி

அன்புள்ள தம்பி,

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நம் கோயில் சார்பாகத் தமிழ்நாட்டுக்குப் போகும் பயணத்தின் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாய். 8 நாளில் 24 கோயில். உன்னிடம் தனியாகவே பேசியிருக்கலாம். ஆனால் இங்கே மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் மட்டுமில்லை, சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டத்துக் கோயில்களிலிருந்தும் இதே மாதிரிப் பட்டியலோடுதான் ஆட்கள் போய் வருகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

கோயில்களைக் குறை, தம்பி. போகிற கோயிலில் நின்று பார்க்க நேரம் கொடு. அப்புறம், விமானம் ஏறுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாரையும் மெர்போக்குக்குக் கூட்டிக்கொண்டு வா.

மெர்போக் நமக்கு எட்டும் தூரம்தான். ஆனாலும் அங்கே இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குத் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது ஒருமுறை போனதோடு சரி என்பவர்கள்தான் நம்மில் அதிகம். ஜெராய் மலையடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்தில், புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. சண்டி என்றால் பழங்காலக் கோயில். 1930களில் அகழ்ந்து பார்த்து, பின்னர் அதே இடத்தில் கல்லை எடுத்து அடுக்கிச் சீரமைத்தார்கள். போய்ப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கோபுரம் இல்லை, சிலை இல்லை, வண்ணம் இல்லை. ஒரு கல் மேடை, அதன்மேல் சதுரமாக ஓர் அறையின் அடிப்பகுதி, முன்னால் மண்டபத்துக்கான தளம். அவ்வளவுதான்.

அந்த மண்டபத் தளத்தில் கொஞ்ச நேரம் நில். வரிசையாகக் கிடக்கும் கல் பீடங்களைக் கவனி. அவற்றில் ஒரு காலத்தில் மரத்தூண்கள் நின்றிருந்தன. மேலே இருந்த மரமும் கூரையும் மழையிலும் கறையானிலும் போய்விட்டன, கல் மட்டும் தங்கிவிட்டது. கருவறை எங்கே, மண்டபம் எங்கே, பூசை செய்பவர் எங்கே நின்றிருப்பார், கும்பிட வந்தவர் எங்கே நின்றிருப்பார் என்பதையெல்லாம் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு கோயிலின் கணக்கு அத்தனையும் அதன் தரையில் இருக்கிறது. அலங்காரம் எதுவும் மறைக்காததால் இங்கே அது பளிச்சென்று தெரிகிறது. அதற்காகத்தான் முதலில் இங்கே வரச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. அங்கே அகழ்ந்தபோது, உள்ளே குழிகள் வெட்டிய சிறு கல்பெட்டிகள் கிடைத்தன. கோயிலுக்கு அடியில் பொன்னும் மணியும் வைத்துப் புதைப்பதற்கான பெட்டிகள் அவை. நம் மாரியம்மன் கோயிலுக்குக் கால்கோள் நடந்தபோது பெண்கள் வரிசையில் நின்று மோதிரத்தையும் மூக்குத்தியையும் குழியில் போட்டார்களே, நீ அப்போது சின்னப் பையன், ஞாபகம் இருக்காது. உன் அம்மாவைக் கேள். அதே வழக்கம்தான். லயத்து வீட்டில் இருந்த பெண்கள் செய்ததை, ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இதே மலையடிவாரத்தில் யாரோ செய்திருக்கிறார்கள்.

மைக்கைப் பிடித்து, இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டியது என்று மட்டும் சொல்லிவிடாதே. இந்தப் பள்ளத்தாக்கில் சில இடங்கள் சோழர் படை வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை. பௌத்தச் சின்னங்களும் நிறைய உண்டு. கடலோடி வந்தவர்களும் இந்த மண்ணின் மக்களும் சேர்ந்து வாழ்ந்த துறைமுகம் இது. 2013இல் இங்கிருந்த ஒரு சண்டியை நிலமேம்பாட்டு வேலைக்காக இடித்துத் தள்ளினார்கள். இருப்பதையாவது போய்ப் பார்க்க வேண்டாமா?

இதைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்குப் போ. முன்பு ஒரு குழுவோடு நான் போனபோது பெரிய கோயிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம், படம் எடுத்தோம், பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. 1010இல் ராஜராஜன் முடித்த, கருவறை மேல் எழும் அந்த விமானம் 216 அடி உயரம். உள்ளே கூடாக இருக்கிறது. சதுரம் சதுரமாகக் கல்லை உள்நோக்கித் தள்ளித் தள்ளி அடுக்கி, மேலே போகப் போகக் குறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். பக்கத்தில் மலையே இல்லாத வண்டல் மண் ஊரில் இத்தனை கருங்கல்! வாசல் கோபுரங்களை அடக்கமாக வைத்து, கருவறை மேல் இருக்கும் விமானத்தை ஓங்க வைத்தது சோழர் முறை. வானளாவும் வாசல் கோபுரமெல்லாம் பின்னால் வந்த பழக்கம். நம் ஊர்க் கோயில்கள் அந்தப் பிந்தைய பழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டன.

ஆனால் அண்ணாந்து பார்த்த பிறகு குனிந்து பார்க்கச் சொல். உபபீடம், ஜகதி, உருண்டையான குமுதம், யாளிவரிசை என்று அடிப்பகுதி அடுக்கடுக்காக எழும்பும். அந்த அடுக்குகளில் எழுத்து, எழுத்து, ஒரே எழுத்து. “நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்” கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. மற்றவர்கள் கொடுத்ததையும் விடாமல் எழுதச் சொன்னானே, எனக்கு அதுதான் பெரிது. அந்தக் கோயிலுக்கென்று கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயரும் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று எல்லாமே பதிவாகியிருக்கிறது. தோட்டத்தில் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, கிராணி பேர் கூப்பிட்டு எழுதியது போல ஒருத்தி விடாமல் எழுதியிருக்கிறார்கள். நம் பாட்டிகளின் பெயர் எழுதிய ஏடுகள் எங்கே போயினவோ. அந்தப் பெண்களின் பெயர் இன்னும் கல்லில் இருக்கிறது.

அந்தக் கோயிலில் நம் ஊர்ப் பெயரும் இருக்கிறது, தம்பி. 1025வாக்கில் ராஜேந்திரன் “அலைகடல் நடுவில் பலகலம் செலுத்தி” வென்ற இடங்களைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டுப் புகழுரையில், கடாரம் வருகிறது. கெடாதான் அது. வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தக் கல்வெட்டு இருக்கும் இடத்தைக் கேட்டு வை. எழுத்து நம் எழுத்து மாதிரி இருக்காது. புள்ளி இருக்காது, துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் “கடாரம்” என்பது “கடரரம” போலத்தான் கண்ணுக்குப் படும். அப்படித் தேடச் சொல். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடாரம் கொண்டான் என்று நம் ஆட்கள் மேடையில் முழங்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். நாம் கடாரத்தில் பிறந்தவர்கள். வென்றவன் நம் மொழிக்காரன், வெல்லப்பட்டது நம் ஊர். இரண்டும் நம்முடையதுதான். படை வருவதற்குச் சுமார் இருபது ஆண்டுக்கு முன், இந்தக் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்தான், செப்பேடு இருக்கிறது. சண்டையைச் சொல்லும் வாயால் இந்தக் கொடையையும் பஸ்ஸில் சொல்லிவிடு.

மற்றவற்றில் தாராசுரத்தை விட்டுவிடாதே. இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. தஞ்சாவூரைப் பார்த்த கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். அங்கேயும் குனிய வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி நாயன்மார் கதைகள் சிறு சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. கண்ணப்பர் இருக்கிறார், முதலை வாயிலிருந்து சுந்தரர் மீட்ட பிள்ளை இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்புக்கு வரும் நம் பிள்ளைகள் யாருடைய உதவியும் இல்லாமல் கதை சொல்வார்கள். அவர்களை முன்னால் விட்டுப் பெரியவர்கள் பின்னால் நடக்கட்டும்.

கங்கைகொண்ட சோழபுரம் இருக்கட்டும். காஞ்சியில் கைலாசநாதர் கோயில் கட்டாயம். ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பியது. திருச்சுற்றில் சின்னச் சின்னதாக 58 சன்னதிகள். மணற்கல் உதிர்ந்து முகமெல்லாம் தேய்ந்திருக்கிறது. அடியில் கருங்கல் போட்டதால் கட்டடம் நிற்கிறது. மாமல்லபுரத்தில் ஒரு மாலை போதும்.

பட்டியலில் இருக்கும் 9 நவக்கிரகத் தலங்களை என்ன செய்வது என்று கேட்பாய். வேண்டுதலோடு வருபவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் 9க்கும் எல்லாரையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். கும்பகோணத்தில் இரண்டு இரவு தங்கி, யாருக்கு எந்தத் தலம் வேண்டுமோ அதற்குத் தனி வேன் பிடித்து அனுப்பு. மற்றவர்கள் தாராசுரத்தில் இருக்கட்டும்.

சில்லறை விஷயங்கள். நடுப்பகலில் பல கோயில்களில் சன்னதி நடை சாத்தியிருக்கும், கல்தரையும் கொதிக்கும். தஞ்சாவூருக்கு மாலை 4 மணிக்கு மேல் போ, இருட்டும் வரை இரு. வயதானவர்களுக்குக் காலுறை எடுத்துவரச் சொல். டிசம்பரில் அங்கே மழை வரும், குடை வேண்டும்.

மெர்போக்குக்கு வேன் வாடகையை நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை பேர், எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல். பசியாறிவிட்டு 9 மணிக்குக் கோயில் வாசலில் ஏறினால், வெயில் ஏறும் முன் சண்டியைப் பார்த்துவிடலாம். திருத்திய பட்டியலைக் குழுவில் போடுவதற்கு முன் எனக்கு ஒரு தடவை அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்
பீடோங், கெடா