இடது கை

உருத்திரபுரம், கிளிநொச்சி
மாசி மாதம்

அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு வட்ஸ்அப்பில் கதைக்கும்போது இடது கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாய். தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க ஒரு தரம் மறந்து தூக்கினாய். பெருவிரலில் துணிக்கட்டு. அம்மா காணவில்லை, நான் கண்டேன். கேட்டால் பாண் வெட்டின கத்தி என்றாய். அடுத்த நாள் தனிய எடுத்துக் கேட்ட பிறகுதான், இறைச்சி வெட்டுகிற மெசினின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள், அப்போதுதான் வேகமாம் என்றாய். வாய் திறந்தால் கனடா வேலைப் பெர்மிற்றை நிறுத்தி ஊருக்கு ஏற்றிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொன்னதையும் சொன்னாய்.

போனில் சொன்னால் "சரியப்பா, சரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன். தங்கச்சி படமெடுத்து அனுப்புவாள்.

வீட்டுக் கடனுக்காக 2012இல் நான் கட்டாருக்குப் போனது உனக்குத் தெரியும். கடவுச்சீட்டு முதலாளியின் அலுமாரியில். அந்த நாளில் அவர் சம்மதிக்காமல் வேலை மாறவும் ஏலாது, நாட்டை விட்டு வெளிக்கிடவும் ஏலாது. இரண்டாம் மாடிச் சாரத்தில் ஒரு பலகை ஆடுவதை நான்தான் முதலில் கண்டேன். ஒரு முனையில் கால் வைத்தால் மற்ற முனை எழும்பும். சொன்னால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன். மூன்றாம் நாள் ஒரு நேபாளப் பெடியன் மிதித்தான். இடுப்பு முறிந்தது. உனக்கு இப்போது இருக்கிற வயதுதான் அவனுக்கு. 2018க்கும் 2020க்கும் இடையில் அந்தச் சட்டங்களைப் பெரும்பாலும் மாற்றிவிட்டார்கள். அவனுக்கு அதால் என்ன? இதை அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

2009இல் சண்டையால் இடம்பெயர்ந்து இருந்த செட்டிகுளம் முகாமில், தண்ணீர் வரிசையில் வைத்து "யாரோடும் ஒன்றும் கதைக்காதே" என்று உனக்குச் சொல்லித் தந்ததும் நான்தான். உனக்கு அப்போது பத்து வயது. அந்தப் பாடத்தை இப்போது நானே திருப்பி வாங்க வேண்டியிருக்கிறது.

உன் ஸ்காபரோ மச்சாளிடம் விசாரித்தேன். பதினொரு நிமிட வொய்ஸ் அனுப்பினாள். பேனையோடு இருந்து இரண்டு தரம் கேட்டேன். உன்னை நாடுகடத்த முதலாளிக்கு அதிகாரமே இல்லையாம், அது அரசாங்கத்தின் வேலை. ஆபத்தான மெசினில் வேலை செய்ய மாட்டேன் என்று மறுக்க ஒன்ராறியோச் சட்டத்தில் உரிமை இருக்கிறது, பெர்மிற்றில் வந்தவனுக்கும்தான். முதலில் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். தீராவிட்டால் தொழில் அமைச்சின் இன்ஸ்பெக்டர் வருவார். அதற்காக உன்னை நிறுத்தினால் அது அவர்கள் பக்கக் குற்றம். விரல் காயத்தையும் நீயே நட்டஈட்டுச் சபைக்கு எழுதலாம், ஆறு மாதத்துக்குள்.

ஒரே முதலாளியோடு கட்டின பெர்மிற்றில் இருந்து கொடுமைப்படுகிறவர்களுக்கு 2019இல் இருந்து, எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த பெர்மிற் கொடுக்கிறார்கள். கட்டணம் இல்லை. ஆனால் இப்போதைய பெர்மிற் முடிய முதல் போட வேண்டும். அனுப்பிவிடுவேன் என்று வெருட்டுவதும் கொடுமைக்குள் வருமாம். அதனால் மூடி இல்லாத மெசினைப் படமெடு. அவன் என்ன சொன்னான், எந்தத் திகதி, பக்கத்தில் யார் நின்றது, எல்லாம் எழுதி வை. சம்பளச் சீட்டுகளை எறியாதே. மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பெர்மிற் வழமையாக ஒரு வருசம்தான். அதற்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும். லேசு இல்லை.

அம்மாவின் தாலிக்கொடி அடைவில் கிடக்கிறது என்பதுதானே உன் வாயைக் கட்டுகிறது? கிடக்கட்டும். அவளே சொன்னாள், கழுத்து வெறுமையாக இருந்தால் வேர்க்காதாம். வேலை தருவதற்கு உன்னிடம் காசு வாங்குவதும் அங்கே முதலாளிக்குத் தடையாம். ஏஜென்சிக்கு நாங்கள் கட்டினதில் அவர்களுக்கும் பங்கு போயிருந்தால் வெட்கப்படாமல் அதையும் சொல்லு.

காலபோகம் வெட்டியாயிற்று. நெல் ஈரம் என்று சொல்லி யாவாரி விலையைக் குறைத்துவிட்டான், வழக்கம்போல. இரணைமடுவில் தண்ணி இருக்கிறது, சிறுபோகமும் செய்வேன்.

ஞாயிறு எடுக்கும்போது போனை வலது கையில் பிடி. மற்றக் கையை நான் பார்க்க வேண்டும்.

அப்பா