உணவுக்குழாய் ஆபரேஷன்: எண்ணிக்கையை ஊருக்குச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீடாமங்கலம் வட்டத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் 21 வருடமாக வேலை பார்க்கிறேன். மாதம் தவறாமல் பிள்ளைகளுக்கு எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிறவள் நான். கூடப்பிறந்த அண்ணன் நாலே மாதத்தில் பன்னிரண்டு கிலோ இளைத்தது என் கண்ணில் படாமல் போய்விட்டது.

அண்ணனுக்கு 54 வயது. ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். போன வருஷம் தை மாதம், சம்பா அறுப்பு நேரத்தில்தான் முதன்முதலாகச் சொன்னார்: "இட்லி நெஞ்சுல நிக்குது பாப்பா." ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இறங்கிவிடும். அதனால் அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நாங்களும் எடுத்துக்கொள்ளவில்லை. கேஸ் என்று சொல்லி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். மாசியில் சோற்றில் ரசத்தை ஊற்றிக் குழையப் பிசைய ஆரம்பித்தார். பங்குனியில் கஞ்சிக்கு வந்துவிட்டார். விழுங்கியது திரும்பி வருவதை யாரும் பார்க்கக் கூடாது என்று தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாராம். இதை அண்ணி எங்களிடம் சொன்னதே பிற்பாடுதான்.

சித்திரையில் ஒரு நாள் சென்டருக்கு விறகு கொண்டுவந்து போட்டார். சட்டை தோளில் தொங்குவதைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. கர்ப்பிணிகளுக்கு எடை போடுகிற மெஷினில் ஏறச் சொன்னேன். 51 காட்டியது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வாங்குகிற நோட்டில் மார்கழி மாதம் 63 என்று எழுதியிருக்கிறது.

மறுநாளே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய் எண்டோஸ்கோப்பி பார்த்தோம். பல்வரிசையிலிருந்து 28 சென்டிமீட்டரில் வளர்ச்சி, அதற்குக் கீழே கேமரா குழாய் இறங்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். சதைப் பரிசோதனை முடிவு எட்டு நாளில் வந்தது. உணவுக்குழாய் புற்றுநோய். முப்பது வருஷம் வெற்றிலை, சீவல், புகையிலை என்று வாயில் அடக்கிக்கொண்டே வயலில் நின்றவர். புகையிலையால் வாயில் புற்று வரும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாக்கும் புகையிலையும் உணவுக்குழாயையும் தாக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் எழுத வந்த விஷயம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. யாரிடம் போவது? ஊரில் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ஒருவர் மாமனாருக்குப் பித்தப்பை ஆபரேஷன் செய்தவர், இன்னொருவர் தங்கைக்குக் குடலிறக்கம் பார்த்தவர். கைராசிக்காரர் என்று எல்லோரும் சொன்ன ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், நாலு லட்சம் ஆகும், இதற்குக் காப்பீட்டு அட்டை செல்லாது என்றார்கள். அண்ணி தாலிக்கொடியைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்துவிட்டார்.

அன்றைக்கு ராத்திரி அண்ணன் மகள் போன் செய்தாள். நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். "அத்தை, பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க. இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை பேருக்குச் செய்றாங்கன்னு கேளுங்க" என்றாள்.

டாக்டரிடம் போய் இப்படிக் கேட்பதா? எனக்குக் கை நடுங்கியது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண், "பெரிய டாக்டரப் பாத்து இப்படியெல்லாம் கேக்கலாமாம்மா?" என்றாள். ஆனாலும் உள்ளே போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுவரைக்கும் ஆறு செஞ்சிருக்கேன்மா. வருஷத்துக்கு ஒண்ணு வரும், சில வருஷம் வராது" என்றார். உண்மையைச் சொன்ன அந்த மனிதரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பதிலை நாங்களாகக் கேட்டுத்தானே வாங்க வேண்டியிருந்தது! கேட்காமல் இருந்திருந்தால் வெள்ளிக்கிழமை மேசையில் ஏற்றியிருப்போம்.

இந்த எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று அண்ணன் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நடந்த ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். உணவுக்குழாய் ஆபரேஷனை அபூர்வமாகச் செய்கிற மருத்துவமனைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர் இறந்திருக்கிறார்கள். நிறையச் செய்கிற இடங்களில் அது 8 பேர்தான். நெதர்லாந்தில் 2011 முதல், வருஷத்துக்கு 20 ஆபரேஷனாவது செய்யாத மருத்துவமனை இதைச் செய்யவே கூடாது என்று வைத்துவிட்டார்கள். நம் டாக்டர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. நடவு நடுகிற கைக்கும் பழக்கம்தானே வேகத்தையும் நேர்த்தியையும் கொடுக்கிறது.

சென்னையில் இதை வாராவாரம் செய்கிற ஒரு மருத்துவமனைக்கு மன்னை எக்ஸ்பிரஸில் போய்ச் சேர்ந்தோம். எடுத்த எடுப்பிலேயே கத்தியை எடுக்கவில்லை. பெட் ஸ்கேன் எடுத்து நோய் வேறெங்கும் பரவவில்லை என்று உறுதி செய்தார்கள். மூச்சுக்குழாய்க்குள்ளும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஆபரேஷன் டாக்டர், கீமோ டாக்டர், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிற டாக்டர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் முடிவு சொன்னார்கள். முதலில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு, எடை ஏற வேண்டும். பிறகு ஐந்து வாரம், வாரத்துக்கு ஒரு கீமோவும் மொத்தம் 23 கரண்டும். அதன்பின் உடம்பு தேற ஒன்றரை மாதம். அப்புறம்தான் ஆபரேஷன். வெள்ளிக்கிழமைக்கு அவசரப்பட்டிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

புரட்டாசியில் ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே போனவரை மாலை ஐந்தரைக்குத்தான் ஐசியுவுக்குக் கொண்டுவந்தார்கள். வலது நெஞ்சில் சிறுசிறு துளை போட்டு உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய்போலத் தைத்து மேலே இழுத்துக் கழுத்தில் இணைக்கிறார்கள். ஏழாம் நாள் ராத்திரி அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. கட்டு மாற்ற வந்த சிஸ்டர் கழுத்துக் காயத்தின் ஓரத்தை இரண்டு விரலால் மெதுவாக அழுத்தினார். பஞ்சில் எச்சில் ஊறியது. ஒரு வினாடி பார்த்தார், உடனே போனை எடுத்தார். கால் மணி நேரத்துக்குள் இரண்டு டாக்டர்கள் வந்து தையலைக் கொஞ்சம் பிரித்து வடிய விட்டு, ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இணைத்த இடத்தில் லீக். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, வயிற்றில் ஏற்கெனவே போட்டிருந்த குழாய் வழியாகத்தான் எல்லாம். பத்தொன்பது நாள் கழித்துத் தானாக மூடியது. இந்த லீக் எங்கே செய்தாலும் வரக்கூடியதுதானாம். அதை ராத்திரி இரண்டு மணிக்கு விரலால் கண்டுபிடிக்கிற சிஸ்டர் எல்லா இடத்திலும் இருப்பாரா? டாக்டரின் பட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, மொத்த வார்டுக்கும் பழக்கம் இருக்க வேண்டும் என்று நான் அந்த ராத்திரியில்தான் புரிந்துகொண்டேன்.

பட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்.எஸ். என்றால் பொது அறுவைச் சிகிச்சை. அதற்கு மேல் புற்றுநோய் அறுவைச் சிகிச்சையிலோ இரைப்பை குடல் அறுவைச் சிகிச்சையிலோ மூன்று வருஷம் படித்தால்தான் எம்.சிஎச். போர்டில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. சதைப் பரிசோதனை செய்த இடத்தில் அந்தச் சதைத் துண்டு இருக்கிற ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளவும் யாரும் சொல்லவில்லை. அதற்காகவே நான் சென்னையிலிருந்து ஒரு முறை தஞ்சாவூர் திரும்பி வந்தேன். மருத்துவமனை படிவத்தில் கையெழுத்து வாங்கினால் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதும் மூன்றாவது பயணத்தில்தான் தெரிந்தது.

போவதற்கு நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் தொடங்கிய அடையாறு மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், வேலூரில் சிஎம்சி என்று சொல்லிக்கொண்டே போகலாம். தஞ்சாவூரிலும் திருச்சியிலும்கூட இதை அடிக்கடி செய்கிற கைகள் இருக்கலாம். இருந்தால் அவர்களைத் தேடிப் போக எங்களுக்கு வழி வேண்டாமா?

அந்த வழி அரசின் கையிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. சென்னையில் அண்ணனுக்கு அந்த அட்டையில்தான் பார்த்தார்கள், நகை முடிச்சை அண்ணி பிரிக்கவே இல்லை. திட்டத்தில் நடக்கிற ஒவ்வொரு பெரிய ஆபரேஷனுக்கும் முன்கூட்டியே அனுமதி கேட்டு ஆவணம் அனுப்புகிறார்கள். அப்படியென்றால் எந்த மருத்துவமனை, என்ன ஆபரேஷன், வருஷத்துக்கு எத்தனை என்ற கணக்கு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக யாரையும் கணக்கெடுக்கச் சொல்லவில்லை. உணவுக்குழாய், கணையம், கல்லீரல் போன்ற பெரிய ஆபரேஷன்களுக்கு மட்டுமாவது அந்த எண்ணிக்கையை மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனை வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள். அங்கன்வாடிகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள், எங்களிடம்தான் பெண்கள் வந்து கேட்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாருக்காவது சோறு நெஞ்சில் நின்று தண்ணீர் குடித்துத்தான் இறங்குகிறது என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் மாத்திரையில் ஓட்டாதீர்கள். எண்டோஸ்கோப்பி பாருங்கள். ஆபரேஷன் என்று சொன்னால் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் என்னைப்போலக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

அண்ணன் இப்போது ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்திருக்கிறோம். போன வாரம் சென்டர் மெஷினில் 55. குறுவை நாற்றங்காலைப் பார்க்க வரப்பு வரைக்கும் போய்விட்டு வருகிறார்.

வருகிற திங்கட்கிழமை திருவாரூர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டத்தில் இதையே மனுவாகக் கொடுக்கிறேன். அதற்குள் கடிதம் உங்கள் பத்திரிகையில் வந்தால், அந்தப் பக்கத்தையும் மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.
(அண்ணன் குடும்பத்தை முன்னிட்டுப் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)