பனிக்குள் முழங்காலில் இருந்தவருக்கும் மற்ற எல்லோருக்கும்

கடைசித் தம்பி நேற்று வீடியோவில் வந்து, ஊன்றுகோல் இல்லாமல் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் நாலு தரம் நடந்து காட்டினான். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத அம்மா சம்மதித்தார். "புள்ள முழுசா எழும்பட்டும், அதுக்குப் பிறகு நன்றி சொல்லு" என்று இத்தனை நாளும் தடுத்து வைத்திருந்தார்.

கல்லடியில் எங்களைத் தெரிந்தவர்களுக்குக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தம்பி சுவிஸில், கிராவுபுண்டன் மாநிலத்தில், ஒரு ஹோட்டல் குசினியில் 11 வருடமாக வேலை செய்கிறான். மாசி மாதம் ஒரு லீவு நாளில், கூட வேலை செய்யும் இருவரோடு, பனியில் கால் புதையாமல் இருக்க மாட்டும் அகலச் செருப்பைப் போட்டுக்கொண்டு மலையில் நடக்கப் போயிருக்கிறான். (11 வருடம் பனியைத் திட்டியவனுக்கு அன்றைக்கு என்ன ஆசை வந்ததோ!) 2,300 மீற்றர் உயரத்தில், ரோட்டும் இல்லை வீடும் இல்லை என்கிற ஒரு பள்ளத்தில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது.

இங்கே விளக்கு வைக்கிற நேரம் போன் வந்தது. "ஹெலி வருகுதாம்" என்று கேட்டதும் எங்களுக்குப் பாதி உயிர் திரும்பியது. ஹெலி வந்தால் ஏற்றிக்கொண்டு போய்விடும், அவ்வளவுதானே என்று நினைத்தோம். அப்படி இல்லை என்று விளங்க வைத்தவர் பக்கத்து வீட்டு மாமா. கட்டாரில், கடலுக்குள் இருக்கும் எண்ணெய் மேடைகளுக்குப் போய்வரும் ஹெலிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். பனியைக் கண்ணால் கண்டதில்லை, ஆனால் பாலைவன மணலைக் கண்டவர்.

மேசையில் அம்மா பிட்டுக்கு அரித்து வைத்த மா இருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிப் போட்டார். ஒரு கணம்தான். மா எழும்பி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. "இப்ப மேசை விளிம்பு எங்க இருக்கு, சொல்லு பாப்பம்" என்றார். அம்மா கண்ணீரோடேயே அவரை ஏசினார். புதுப் பனிக்கு மேலே ஹெலி தணியும்போது இதுதானாம் நடக்கிறது. இறக்கைக் காற்றில் பனி கிளம்பி ஹெலியையே மூடிவிடும். நிலம் எங்கே, வானம் எங்கே, ஹெலி பக்கவாட்டில் நகர்கிறதா நிற்கிறதா, எதுவும் விமானிக்குத் தெரியாது. மப்பு நாளில் காற்றே அடிக்காவிட்டாலும் நிழல் விழாத வெள்ளைத் தரையில் உயரத்தை மட்டுக்கட்ட முடியாதாம்.

2011 ஜனவரி வெள்ளத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் ஹெலி இறங்கியபோது மண்ணும் கிடுகும் பறந்ததை நாங்கள் கைதட்டிப் பார்த்தோமே, உள்ளே இருந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மாமா அதோடு விடவில்லை. பனிக்குக் கீழே சரிவா, பாறையா, பள்ளமா என்று மேலிருந்து தெரியாது. ஒரு பக்கம் புதைந்தால் ஹெலி சாய்ந்து புரண்டுவிடும். அதனால் தரை தாங்கும் என்று உறுதியாகும் வரை விமானி இயந்திர வலுவைக் குறைக்கவே மாட்டாராம். உயரத்தில் காற்று மெலிது, கீழே தூக்குகிற பாரத்தை அங்கே தூக்காது. குளிர் காற்றுக்கு அடர்த்தி கூட என்பதால் அந்த மட்டில் கொஞ்சம் உதவி. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே போகும் கம்பிகள் கிட்டப் போகும் வரை கண்ணில் படாது. "2005 மே 14இல டிடியே டெல்சால் எண்ட பிரெஞ்சுக்காரர் எவரெஸ்ட் உச்சியிலயே ஹெலிய இறக்கினவர். தனி ஆள், ஒருத்தரையும் ஏத்தவுமில்ல. 4 நிமிசம் கூட நிக்கல்ல" என்றும் சொன்னார். அம்மாவை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். வேலை செய்யவில்லை.

அங்கே நடந்ததைத் தம்பி பிறகு சொன்னான். ரேகா என்கிற ஹெலி மீட்பு அமைப்பின் 1414 இலக்கத்துக்கு அழைத்தவர், கூடப் போனவர்களில் ஒருவரான எரித்திரிய நண்பர். ஹெலி தலைக்கு மேல் வந்ததும் இரண்டு கையையும் மேலே விரித்து நின்றார். உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். முதல் தரம் தணிந்தபோது பனிப்புகை மூடிவிட, விமானி மேலே தூக்கிச் சுற்றிப் போய்விட்டார். தம்பி, "விட்டுட்டுப் போறாங்கள்" என்று அழுதிருக்கிறான். அப்போது போர்த்துக்கல் நண்பர், முன்பு ஸ்கீ லிப்டில் வேலை பார்த்தவர், பைகளை இறுக்கிக் கட்டித் தம்பியின் பக்கத்தில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளிக் காற்றுக்கு முதுகு காட்டி முழங்காலில் இருந்தார். அந்த வெள்ளைக்குள் விமானிக்குத் தெரிந்த ஒரே கறுப்புப் புள்ளி அவர்தான். அசையக்கூடாது. அசைந்தால், நகர்வது ஆளா ஹெலியா என்று விமானிக்குக் குழம்பிவிடும். ஊசி மாதிரி பனி குத்த, ஹெலி அவருக்கு முன்னால் சில மீற்றரில் வந்து உட்காரும் வரை அப்படியே இருந்திருக்கிறார்.

அந்த விமானிக்கும், கூட வந்த டொக்டருக்கும், மருத்துவ உதவியாளருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. "அந்தப் பொடியனையும் ஒரு தாய் பாத்திட்டிருந்திருப்பா" என்று அம்மா எழுதச் சொன்னார். முதல் தரம் திரும்பிப் போனதற்கும் சேர்த்து நன்றி, அதற்கும் துணிவு வேண்டும் என்று மாமா சொல்கிறார். இந்தப் பகுதியை மருமகள் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், எழுதித் தருவாள்.

ரேகா மீட்பு அமைப்பில் வருடச் சந்தா கட்டச் சொல்லித் தம்பியைக் கரைச்சல்படுத்திய எரித்திரிய நண்பருக்குத் தனி நன்றி. வீண்செலவு என்று முணுமுணுத்தவன் இப்போது ஊரிலிருந்து வரும் எல்லோரிடமும் அதைப் பற்றித்தான் கதைக்கிறான். சத்திரசிகிச்சை அன்று இரவு முழுக்கப் போனில் மொழிபெயர்த்த சூரிச் தங்கச்சிக்கும், எங்கள் வீட்டில் உலை வைக்க மறந்த நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும் நன்றி. தம்பி செத்துவிட்டான் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவரையும் மன்னித்துவிட்டோம். அம்மா இன்னும் மன்னிக்கவில்லை.

பார்சல் போட்டாயிற்று. எல்லோருக்கும் கஜு இருக்கிறது. முழங்காலில் இருந்தவருக்கு மட்டும் மேலதிகமாக மருதமுனைச் சாரம் ஒன்று. கட்டத் தெரியாவிட்டால் தம்பி காட்டித் தருவான், இப்போது அவனால் நிற்க முடியும்தானே.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா,
கல்லடி, மட்டக்களப்பு