லுத்தரன் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு தமிழாசிரியை எழுதும் மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் பள்ளிக் குழு உறுப்பினர்களுக்கும்,

தோத்திரம்.

போன வாரம் என் பேத்தியின் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்துப் படித்தேன். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு அடித்தது. நம் சபைப் பள்ளிதான், பெயர் வேண்டாம். வழவழப்பான தாள், நாலு வண்ணம். ரோபாட்டிக்ஸ், கோடிங், அபாகஸ், கராத்தே, கீபோர்டு, எட்டாம் வகுப்பிலிருந்தே நீட் பயிற்சி. தமிழ் எங்கே என்று தேடினேன். பின்பக்கத்தில், பள்ளி வேன் போகும் ஊர்களின் பட்டியலுக்கு மேலே, பதினொன்றாம் வகுப்பில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கலாம் என்றிருந்தது. அந்தத் தாளில் தமிழ் வந்த இடம் அது ஒன்றுதான்.

31 வருஷம் தமிழ் நடத்தியவள் நான். அதனால் எனக்குச் சுருக்கென்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோபாட்டிக்ஸ் வேண்டாம் என்று எழுத வரவில்லை. சுயநிதிப் பிரிவில் பிள்ளைகள் கட்டும் பணத்தில்தான் அங்கே சம்பளம் போடுகிறீர்கள் என்பதும், பக்கத்துத் தெரு சிபிஎஸ்இ பள்ளியைக் காட்டிப் பெற்றோர் பேரம் பேசுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் லுத்தரன் பள்ளி என்று பலகை மாட்டிவிட்டுத் தமிழைப் பின்பக்கத்துக்குத் தள்ள நமக்கு வாய் வரலாமா?

1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். டேனிஷ் கோட்டை ஊர். போர்த்துக்கீசு தெரிந்தால் அங்கே பிழைத்துக்கொள்ளலாம். கூட வந்த புளுட்சோ அதைத்தான் படித்தார். சீகன்பால்கு என்ன செய்தார்? வயதான ஒரு வாத்தியாரை, அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்த்துத் தன் வீட்டுக்கே வரச் சொன்னார். அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரல் வைத்து அகரம் எழுதினார். நம் பள்ளிகளின் வரலாற்றை எழுதும்போதெல்லாம் 'பள்ளி தொடங்கினார்' என்றுதான் ஆரம்பிக்கிறோம். அவர் முதலில் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே, 1707-ல், பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வந்துவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் போட்டுப் பாடமும் சொன்ன பள்ளிகள் அவை.

இரண்டே வருஷத்தில் அந்த மனிதர் தான் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஓர் அட்டவணை எழுதினார். 119 நூல்கள். திருக்குறளும் சிவவாக்கியமும் அதில் உண்டு. கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்தார். நம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை மார்க்குக்காகப் பிரெஞ்சுக்குப் போகிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன், நாம்தானே வழி காட்டுகிறோம்.

அச்சுக் கதையும் சொல்ல வேண்டும். எந்த வகுப்பில் சொன்னாலும் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும் கதை அது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. எழுத்து பெரிது, தாள் கட்டுப்படியாகவில்லை. சின்ன எழுத்தாகத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. தாளுக்குப் பொறையாறில் ஆலையே வைத்தார்கள். 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. உலோகம் உருக்குவதும் அச்சுக் கோப்பதும் தாள் செய்வதும் தொழில்நுட்பம் இல்லையா? அன்றைக்கு அவையெல்லாம் தமிழுக்காக நடந்தன.

அறிவியலும் தமிழும் ஒத்துவராது என்று ஒரு தாளாளர் என்னிடம் சொன்னார். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரை நினைத்துக்கொண்டேன். நெல்லைப் பக்கத்திலிருந்து மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்குக் கூட்டிவந்து படிக்கவைத்த பையன். பின்னால் தஞ்சையில் பள்ளியை நடத்தியவர். அவர் குறவஞ்சி பாடினார், அதற்குள்ளே கோப்பர்நிக்கஸ் சொன்ன கோள்களின் ஓட்டத்தையும் வைத்துப் பாடினார். மிஷன் பள்ளியில் படித்த பிள்ளை செய்த வேலை அது.

எனக்கு வேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. வாரத்தில் ஒரு மாலை தமிழுக்குக் கொடுங்கள். கராத்தேக்குக் கொடுப்பதுபோல ஒரு தனி ஆசிரியரும் ஓர் அறையும் இருந்தால் போதும். மேல்நிலை வகுப்பில் தமிழை எடுக்கும் பிள்ளைக்குக் கட்டணத்தில் கொஞ்சம் குறையுங்கள். பத்தாம் வகுப்பு வரை சட்டம் பார்த்துக்கொள்கிறது, அதற்கு மேலேதான் நம் மனசு தெரியும். தரங்கம்பாடிக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் கோட்டை முன்னால் போட்டோ எடுத்துவிட்டு மீன் வறுவலோடு திரும்ப வேண்டாம். 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். சீகன்பால்கு அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார், 36 வயதில். அங்கே கொன்றைவேந்தனை ஒரு முறை சத்தமாகச் சொல்லட்டும். அச்செழுத்து வந்த அந்த ஹாலேயில், பிராங்கே என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் வளாகத்தில் இன்றும் பள்ளிகள் நடக்கின்றன. நம் பிள்ளைகள் அங்குள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடிதம் தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருள் சொல்லி அனுப்பினால் தபால் செலவுதான்.

இன்னொன்று. யுகேஜி பிள்ளைகளுக்கு மொபைலில் எழுத்துப் பழக்கும் செயலி வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். வாங்குங்கள். கூடவே நாலு மணல் தட்டும் வையுங்கள். தட்டும் மணலும் நான் கொண்டுவருகிறேன், சம்பளம் வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்ததும் எந்த நாள் வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். காலை நேரமாக இருந்தால் நல்லது, மத்தியானத்தில் முட்டிவலி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி